கட்டுகஸ்தோட்டைச் சிவப்பும் பேராதனைக் கறுப்பும்

"யாருக்கு எடுக்கிறீங்க?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணனிடம் கேட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்து அழைப்பு எடுத்தது நான், எந்த வருட வண்டி, எத்தனை பேர் கை மாறியது என்று விசாரித்ததும் நான். ஆனால் வாசலில் போய் நின்றவுடன் கை குலுக்கல் அண்ணனுக்கு, கதிரை அண்ணனுக்கு. எனக்கு உள்ளே போய் வீட்டுப் பெண்களோடு இருக்கலாம் என்ற உபசாரம்.

அம்மா ஹுன்னஸ்கிரியவில் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். நான் கண்டியில் அண்ணன் வீட்டில் தங்கி, பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். பழுதான கருவியைப் பிரித்து, ஏன் பழுதானது என்று கண்டுபிடித்து, திருத்திப் பூட்டுவது என் வேலை. சனிக்கிழமைகளில் குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, திகன, தெல்தெனிய தாண்டி, தோட்டத்துச் சந்தியில் இறங்குவேன். அதற்கு மேல் பஸ் கிடையாது. யாராவது கொண்டுபோய் விட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மாமா கொண்டுபோய் விட்டார். தொழில்நுட்பக் கல்லூரிக்கு அண்ணன் கொண்டுபோய் விட்டான். முதல் வேலைக்கு மாமாவும் அண்ணனும் சேர்ந்து கொண்டுபோய் விட்டார்கள். யாரும் என்னைக் கொண்டுபோய் விடத் தேவையில்லாத ஒரு வண்டி எனக்கு வேண்டும். அம்மாவைப் பார்த்துவிட்டு, மனம் இருந்தால் மறுபக்கம் மகியங்கனைக்கு இறங்கி, மட்டக்களப்புக் கடல் வரைக்கும் போய்வர வேண்டும். ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடமாகப் பையிலேயே கிடந்தது.

என்னுடைய கணக்குக்குச் சரிவரக்கூடியவை இரண்டே இரண்டு பழைய மோட்டார் சைக்கிள் மாதிரிகள். ஒன்று இருநூற்றைம்பது சீசீ: ஒற்றைச் சிலிண்டர், பெரிய டேங்க், உயரமான சீட், கல்லுப் பாதைக்கென்றே செய்தது. மற்றது நானூறு: நான்கு சிலிண்டர், காற்றைத் தடுக்கும் முன்கூடு, தாழ்ந்த சீட், நெடும்பயணத்துக்குச் சொகுசு. சிவப்பு இருநூற்றைம்பது கட்டுகஸ்தோட்டையில் நின்றது. கறுப்பு நானூறு பேராதனையில் நின்றது.

இரண்டு பேரிடமும் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தேன். நான் வரும்வரை இஞ்சினை ஸ்டார்ட் பண்ணக்கூடாது. பழைய இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மை பேசும். சூடாக்கி வைத்தால் எந்தக் கிழட்டு இஞ்சினும் ஒருமணி நேரத்துக்கு நல்ல பிள்ளையாக இருக்கும்.

கட்டுகஸ்தோட்டையில் வண்டியை விற்றவர் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர். வண்டியைக் கழுவித் துடைத்து, வாசலில் நிறுத்தியிருந்தார். குனிந்து இஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது.

"ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொன்னேனே."

"அதில்ல புள்ள, மகள் ஒராள் வர்றாங்களே, மானம் போகக்கூடாதுண்டு ஒரு சுத்து ஓடி வச்சேன்" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஓடிப் பாருங்க. பூ மாதிரி ஈக்கி."

இங்கே இது ஒரு மரியாதை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்து வைப்பதுபோல, வண்டி பார்க்க வருகிறவர்களுக்கு இஞ்சினைச் சூடாக்கி வைப்பார்கள். அது எனக்குத் தெரியும் என்பதால்தான் முன்கூட்டியே சொன்னேன். கேட்டது பெண்குரல் என்பதால் சொன்னது காதில் ஏறவில்லை.

அண்ணன் ஓட்டிப் பார்த்தான். அடுத்து நான் ஏறினேன். பெருவிரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன. உடனே வாசலில் நின்ற எல்லா ஆண்களும் என் கால்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்த வீட்டுக்காரர்கூட வேலிக்கு வந்துவிட்டார்.

"எட்டாது."

"சீட்ட வெட்டினா சரி."

"ஹீல்ஸ் போட்டு ஓடச் சொல்லுங்க!"

சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். நான் சீட்டின் ஒரு பக்கமாகச் சரிந்து ஒரு பாதத்தை முழுதாக ஊன்றி, வண்டியை அசையாமல் பிடித்துக்காட்டினேன். சிரித்து முடிக்காதவர்கள் அதைப் பார்க்கவில்லை. கண்டியில் சமமான ரோடு எங்கே இருக்கிறது? நிற்கும்போது மேட்டுப் பக்கத்துக் காலை ஊன்றத் தெரிந்தால் போதும். சீட்டில் பஞ்சை வெட்டினால் நீண்ட பயணத்தில் இடுப்பு போகும். இதை விளக்கிச் சொல்ல வாய் திறந்தபோது அவர்கள் பெற்றோல் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

பேராதனையில் நானூறின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தவர், வெளிநாட்டுக்குப் படிக்கப் போக இருந்தார். இஞ்சினைத் தொட்டேன். பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. நான் சொன்னதை மதித்தாராக்கும் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன்.

"ஓ, நீங்களோ கோல் எடுத்தது? நான் மறந்தே போனன். சும்மா விளையாட்டுக்குக் கேக்கிறீங்கள் எண்டு நினைச்சன்" என்றார். அண்ணனிடம், "உங்களுக்கெண்டா நல்ல சாமான், அண்ணை. தங்கச்சிக்குப் பின்னால இருக்கவும் சொகுசு."

பட்டனை அழுத்தியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, தட்டல் இல்லை. நான்கு சிலிண்டரும் ஒரே மூச்சாக ஓடின. என்னைத் துளியும் மதிக்காத மனிதரின் வண்டி அவ்வளவு நேர்மையாக இருந்ததுதான் என் கோபத்தை இரட்டிப்பாக்கியது. கட்டுகஸ்தோட்டைக்காரர் மரியாதை செய்து உண்மையை மறைத்துவிட்டார். இவர் அலட்சியம் செய்து உண்மையைக் காட்டிவிட்டார்.

அவருடைய வீட்டுக்கு இறங்கும் வழி சரிவாக இருந்தது. வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்பக்கமாக மேட்டுக்குத் தள்ளிப் பார்த்தேன். இருநூறு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். ஒரு சாண் நகர்ந்தது, பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. பிரேக்கைப் பிடித்து நின்றேன்.

"புல்லில ஒருக்கா படுக்கப் போட்டுத் தூக்கிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"என்ன விசரே? ஆராவது பைக்கை விழுத்திப் பாப்பினமே?"

"விழுத்தல. மெதுவாப் படுக்க வச்சு, நான் தனியாத் தூக்க முடியுமான்னு பாக்கணும்."

"அண்ணை, தங்கச்சி பகிடி விடுறா போல" என்றார்.

அண்ணன் எனக்காக மன்னிப்புக் கேட்டான். அதை நான் இன்றுவரை அவன் கணக்கிலிருந்து கழிக்கவில்லை.

திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவன் தீர்ப்புச் சொன்னான். "நானூறுதாம்மா. இஞ்சின நீயே பாத்த. சீட்டும் தாழ்வு, உனக்குக் கால் நல்லா எட்டும்."

"கால் எட்டுறது நிக்கிறப்போ. தோட்டத்து ரோட்டுல கல்லு வழுக்கி விழுந்தா யார் தூக்குறது?"

"நான் வரமாட்டேனா?"

"எங்க? நீ கண்டியில இருப்ப, நான் விழுந்து கிடப்பேன்."

"அப்போ தனியா ஏன் போற? லீவு நாள்ல நானே ஓட்டிக்கிட்டுப் போய் விடுறேன். பிரச்சினை முடிஞ்சுது."

அவனுக்கு அப்படித்தான் முடிந்தது. அவன் கெட்டவன் அல்ல. நானூறை முதல்முறை பார்த்தபோதே தன் கூட்டாளிகளோடு அதில் மகியங்கனைக்கு இறங்கிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பின்சீட்டில் நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

நானூறின் இஞ்சின்தான் நல்லது என்பது எனக்கும் தெரிந்தது. அதுதான் தொல்லை. அதை வேண்டாம் என்றால், கோபத்தில் வேண்டாம் என்கிறேன் என்று சொல்வார்கள். அது பொய் என்று எனக்கே முழு நிச்சயம் இருக்கவில்லை. ஆகவே அடுத்த நாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டைக்காரர் கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றேன்.

இஞ்சின் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தேன். பின்குழாயிலிருந்து நீலப் புகை ஒரு மூட்டமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் புகை தானாகவே நின்றுவிட்டது.

"அது காலைல ஒருக்கா வரும், புள்ள" என்றார் அவர்.

"ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"உங்களோட வந்த நானா கேக்கல்லயே. அவர் கேட்டது ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடும், டொப் ஸ்பீட் எவ்வளவுண்டு மட்டும்தான்."

வால்வுகளின் ஒயில் சீல் தேய்ந்திருக்கிறது. இரவில் ஒயில் சொட்டு சொட்டாக உள்ளே இறங்கி, காலையில் எரிகிறது. பெரிய பழுது இல்லை. சீல் மாற்றினால் தீரும், என் கையாலேயே மாற்றலாம். பக்கத்து ஏற்றத்தில் பின்பக்கமாகத் தள்ளினேன், மூச்சு வாங்கினாலும் ஏறியது. அவரிடம் அனுமதி கேட்டு மண் முற்றத்தில் மெதுவாகப் படுக்க வைத்தேன். முதுகைச் சீட்டோடு அண்டக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறுகையால் பின்கம்பியையும் பிடித்து, கால்களால் உந்தினேன். எழுந்து நின்றது. அவர் கைதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "மகள், டேங்க் மூடியால ஒழுகுது, துடைச்சிருங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் இஞ்சினைச் சூடாக்கியதை மன்னித்தேன். பழுதைத் தெரிந்தே இருநூற்றைம்பதை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணனின் முகம் போன போக்கு! பேராதனைக்காரரிடம் நானூறை எடுப்பதாக முதல்நாளே சொல்லிவிட்டானாம்.

"என் வார்த்தைக்கு என்ன மரியாதை?" என்றான்.

"என் வண்டிக்கு நீ ஏன் வார்த்தை குடுத்த?"

பதிவையாவது தன் பேரில் போடலாம், வழியில் பொலிஸ் மறித்தால் பேச வசதி என்றான். என் பேரில்தான் போட்டேன்.

அடுத்து கோயில். புதிதாக வந்த வாகனத்தை, அது எத்தனை கை மாறிய பழசாக இருந்தாலும், கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்போம். ஓட்டுகிறவர் அதன்மேல் ஏற்றி நசுக்கிக்கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நான்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். நிறுத்தியதும் வழக்கம்போல பெற்றோல் டெப்பை மூடினேன். பழைய காபரேட்டர் வண்டிகளை நிறுத்தினால் டேங்கிலிருந்து பெற்றோல் இறங்கும் அந்தச் சிறு திருகியை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் கசியும்.

பூசை முடிந்தது. ஐயர் நிமிர்ந்து பார்த்து, தட்டிலிருந்த சாவியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். "தம்பி, ஏறி எடுங்க."

அண்ணன் வாங்கினான். ஒரு வினாடி என்னைப் பார்த்தான். திருப்பிக் கொடுக்க அந்த ஒரு வினாடி போதும். கும்பிட்டுவிட்டு ஏறினான்.

எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. என் வண்டி, என் முதல் எலுமிச்சம்பழம். கையில் தேங்காய் மூடிகளோடு நான் நின்றேன். மாலையோடு அண்ணன் ஏற்றத்தில் போனான். காபரேட்டருக்குள் மிச்சமிருந்த பெற்றோல் தீரும்வரை போனான். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமி நின்றது.

பட்டனை அழுத்தினான். திரும்பவும் அழுத்தினான். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. ஏற்றத்து ஓரத்தில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர்கள் விடுவார்களா?

"மாப்பிள்ள, மாலைய கழட்டுங்க, கனம் தாங்கல!"

"இன்னொரு தேங்கா ஒடைங்க அண்ணே!"

எனக்குக் காரணம் தெரியும். நான் ஓடவில்லை. தேங்காய் மூடிகளைப் பையில் வைத்து, பையை முதுகில் மாட்டி, நடந்து மேலே போனேன்.

அண்ணன் வியர்த்திருந்தான். "அன்னைக்கே சொன்னேன், நானூற எடுப்போம்னு. இந்தா, நடுரோட்டுல மானத்த வாங்கிருச்சு."

குனிந்து டெப்பைத் திறந்தேன். "எறங்கு."

"சரி, நீ ஓட்டு, நான் பின்னால உக்கார்றேன். கோயில்லருந்து பாக்குறாங்க."

"எறங்குண்ணே."

இறங்கினான். பிரேக்கைப் பிடித்தபடி மேட்டுப் பக்கத்துக் காலை ஊன்றி ஏறினேன். வண்டி பிடித்தது. மாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனேன்.

திகனவில் நிற்கவில்லை, தெல்தெனியவில் நிற்கவில்லை. சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். அங்கிருந்து மேலே கல்லுப் பாதை. இரண்டு இடத்தில் பின்சக்கரம் வழுக்கியது, விழவில்லை. விழுந்திருந்தால் தூக்கியிருப்பேன் என்று தெரிந்ததால் கைப்பிடியை இறுக்காமலே ஓட்டினேன். ஆனாலும் நெஞ்சுக்குள் அந்த எலுமிச்சம்பழம் நசுங்கிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு என்னைத் தாண்டி, நான் வந்த பாதையைப் பார்த்தார்.

"அண்ணன் எங்கம்மா? யாரு கொண்டாந்து விட்டா?"

இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"யாரும் விடல" என்றேன். இஞ்சினை நிறுத்தி, குனிந்து, பெற்றோல் டெப்பை மூடினேன்.