கடன் கொடுத்தவளும் 'சி' தர ஆசாமியும்

அந்தத் தெருவின் பாதிப் புருவங்கள் பார்லர் அக்காவின் கைவண்ணம். நூல் பிடித்துச் சம்பாதித்ததில் மிஞ்சியதை, முன்பின் தெரியாதவர்களுக்குக் கடன் கொடுக்கும் ஓர் ஆப்பில் போட்டிருந்தாள். வீட்டுக்காரரிடம் மூச்சுவிடவில்லை. வேன் ஓட்டுகிற மனிதர். காசைக் கண்டால் டயர் மாற்றிவிடுவார்.

கடன் வாங்கியவர் யார் என்று ஆப் சொல்லாது. ஓர் எண், திருப்பிக் கட்டும் லட்சணத்துக்கு ஒரு தரம், அவ்வளவுதான். அக்காவுக்கு வாய்த்தது 'சி' தரம். ஒழுங்காக வந்த தவணை திடீரென்று நின்றது. கடை உரிமையாளரோ அட்வான்ஸை ஏற்றிவிட்டார். அந்தப் பணம் வராவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும். "வசூல் நடவடிக்கை தேவையா?" என்று ஆப் கேட்டபோதெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆம்' அழுத்தினாள்.

இந்த லட்சணத்தில் அரசாங்கம் கண்விழித்தது. வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று விதி போட்டது. ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் மினுங்கியது. எட்டிப் பார்த்தாள். 'சி' தரத்துக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? இன்னொரு புருவம் அப்படியே இருக்கு!"

அவர் கட்டுவது இருபத்துநாலு வட்டி. இவளுக்கு வருவது பன்னிரண்டு. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக அந்தப் பணம் ஆப் கம்பெனிக்குப் பாதி வட்டியை அழுதிருக்கிறது. போன் வந்தாலே மனிதர் மாடிக்கு ஓடுவதைப் பார்த்து, யாரோ ஒரு பொம்பளை என்று சந்தேகப்பட்டிருந்தாள். பொம்பளைதான். இவளேதான்.

வீட்டுக்கு ஓடினாள். அவர் போன் அலறியது. "ராங் நம்பர்" என்று எழுந்தவரிடமிருந்து பிடுங்கினாள். ஆப்பின் வசூல்காரன்தான்.

"தம்பி, பணம் குடுத்தது நான்தான். இனிமே நாங்களே பேசிக்கிறோம்."

"முடியாதுங்க மேடம். குடுத்தவங்களும் வாங்கினவங்களும் நேரடியாப் பேசக்கூடாது. புது விதி."

"அவர் என் புருஷன்யா!"

"வாழ்த்துகள் மேடம். வேணும்னா ஆப்ல வசூலை நிறுத்திக்கோங்க. ஆனா அப்புறம் பணத்தை மறந்துடணும்."

வீட்டுக்காரர் சுவரோடு சுவராக நின்றார். "நீயா?" என்றார்.

அவர் கண்ணுக்குக் கீழே படிந்திருந்த கருவளையத்தை அன்றுதான் அவள் பார்த்தாள். ஊர் முகத்துக்கெல்லாம் பூசுகிறவள். வசூலை நிறுத்தினாள்.

மாதக் கடைசியில் கடைக் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவர். வேனில் ஏற்றும்வரை, கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விதி அப்பழுக்கில்லாமல் காப்பாற்றப்பட்டது.