திண்டிவனம் கல் கடையில் எலுமிச்சம்பழத்துக்கு என்ன வேலை?

கிரானைட் கடையில் வேலை என்றால் கல்லை விற்கிற வேலை என்று நினைப்பீர்கள். பாதி நேரம் ‘இந்தக் கல் உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்கிற வேலை அது. வீடு கட்டும்போது தரைக்கு என்ன போடுவது என்று தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்கு இது புரியும். 1993-ல் திண்டிவனத்தில் ஒரு கடையில் போன் எடுக்கத்தான் சேர்ந்தேன். ஸ்லாப்புகளைத் துடைத்துத் துடைத்தே எது என்ன கல் என்று பழகிவிட்டது.

புளிப்புப் பரீட்சை

வானூரிலிருந்து ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். தம்பி வீட்டுச் சமையல் மேடையில் வெள்ளை மார்பிள். இவருக்கு அதைவிட வெள்ளையாக வேண்டும். “சார், மார்பிளுக்குப் புளிப்பு ஆகாது” என்றேன். “கல்லுக்கு ஏதும்மா புளிப்பு, இனிப்பு?” என்று சிரித்தார்.

பக்கத்து ஜூஸ் கடையில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிவந்தேன். பாதியை மார்பிள் துண்டில் பிழிந்தேன், பாதியைக் கறுப்பு கிரானைட்டில். அவர் டீ குடித்து முடித்ததும் இரண்டையும் துடைத்தேன். கிரானைட் அப்படியே இருந்தது. மார்பிளில் பளபளப்பு போய், மங்கலாக ஒரு வட்டம். விரலால் தேய்த்தார், வேட்டி நுனியால் தேய்த்தார், போகவில்லை. “எங்க வீட்ல ரசம் வைக்காத நாளே கெடையாதும்மா, கறுப்பையே போடு, தம்பிக்கு நான் சொல்லிக்கிறேன்.”

பஞ்சு கறுத்த கதை

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் படிக்கட்டுக்குக் கறுப்பு கிரானைட் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பத்து நாளில் அங்கே முதல் கல்யாணம். ஏஜென்ட் ஒருவர் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மை பூசியதுபோல் கன்னங்கரேல் என்றிருந்தது. எனக்கு அந்தக் கறுப்பே பிடிக்கவில்லை.

எதிர் ஃபேன்ஸி ஸ்டோரில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கிவந்து, பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது, கல் சாம்பல் நிறமானது. முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. “வேற லோடுக்கு எங்கம்மா போறது?” என்றவர், தானே இன்னொரு ஸ்லாப்பைத் தேய்த்துப் பார்த்தார். அதுவும் சாயம்தான். லாரி வந்த வழியே திரும்பியது. நான்கு நாள் அலைந்து நல்ல கல்லைப் பிடித்தோம், படிக்கட்டும் நேரத்துக்கு முடிந்தது. அன்று திரும்பிப் போக லாரியில் ஏறும்போது அந்த ஏஜென்ட் முதலாளியிடம் சொன்னது இதுதான்: “இனிமே இங்க கல்லு எடுத்துக்கினு வந்தா, இந்தம்மா லீவான்னு கேட்டுக்கினுதான் வருவேன்.”

தட்டினால் தெரியும்

காணையில் கரும்பு வெட்டப் போகிற ஒரு குடும்பம். வெட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பிள்ளைகள் சம்பாதித்து வீடு கட்டினார்கள். கல் எங்களுடையது, பதித்தது அருளப்பன் மேஸ்திரி. பார்க்கப் போனவள் சாவியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் சத்தம் டொக்கென்று வெறுமையாகக் கேட்டது. “இருபது வருசமா கல்லு போடுறேன். எனக்கே பாடம் எடுக்குறியா?” என்று மேஸ்திரி எகிறினார். வீட்டுக்கார அம்மா அமைதியாக, “ஒண்ண மட்டும் எடுத்துப் பாத்துடு மேஸ்திரி” என்றார்.

எடுத்தார். அடியில் மூலைக்கு ஓர் உருண்டை கலவை, நடுவில் வெற்றிடம். கேஸ் சிலிண்டரை இறக்கினால் விரிசல் விட்டிருக்கும். வெறுமையாக ஒலித்த ஏழு கல்லையும் எடுத்து, அருளப்பன் முழுக் கலவை போட்டுப் பதித்துக் கொடுத்தார். சில வருஷம் கழித்து தன் மகள் வீட்டுக்குத் தரை போட்ட அதே மேஸ்திரி, கடை வாசலில் வந்து நின்றார். “மேடம், கலவைய நான்தான் போட்டேன், நீங்க வந்து தட்டிட்டுப் போனாதான் உள்ள வருவேன்னு எம் பொண்ணு அடம் புடிக்கிறா.”

பெண் பார்க்கும் படலம்

வியாழக்கிழமை காலையில் ஓர் அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். ஹாலில் வெள்ளை மார்பிள். பலகாரம் சுட்ட எண்ணெய் கொட்டி, பெரிய தட்டு அளவுக்குக் கறை. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். “ஆசிட் ஊத்தட்டுமா?” என்றார். “அய்யோ, தொடாதீங்க” என்று பஸ் ஏறினேன்.

ஆசிட் மார்பிளையே தின்றுவிடும். உள்ளே இறங்கிய எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் தூளை, நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கிற அசிட்டோனில் குழைத்து, கறை மேல் இட்லிமாவு பதத்தில் அப்பி, பாலிதீன் ஒட்டி மூடினேன். மறுநாள் பிரித்தால் கறை பாதிதான் போயிருந்தது. அம்மா மறுபடி அழ, மகளோ, “தரை பிடிக்கலன்னா மாப்பிள்ளையும் வேணாம்மா” என்றாள். இன்னொரு தடவை அப்பினேன். சனிக்கிழமை பிரித்து வெறும் தண்ணீரில் துடைத்தபோது, கறை எங்கே இருந்தது என்று எங்கள் மூவருக்குமே காட்டத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாராம்: “பொண்ணு இருக்கட்டும், இந்தத் தரைய யாருங்க தொடைக்கிறாங்க?”

இத்தனை வீட்டுக் கல்லைக் காப்பாற்றிய நான் இன்றும் குடியிருப்பது சிமென்ட் தரை போட்ட வாடகை வீட்டில்தான். ரசம் கொட்டினால் துடைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன்.