வைரவா என்று ஒரு குரல்

நாய்க்கு ஊசி போட வருகிறவனுக்கு எந்த வாசலிலும் வரவேற்பு கிடையாது. வீடு வீடாக ஏறி இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த சமயம், வெறிநாய்க்கடி பயத்தால் காஜா பேராங் வட்டாரம் முழுக்க நான் ஊசியோடு அலைந்தேன்.

மூன்று வீடு, ஒரு பெயர்

ஊசிக்கு முன் நாயின் பெயரைக் கேட்பது என் வழக்கம். அங்கே கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் அடுத்தடுத்து மூன்று வீட்டிலும் வைரவன் என்றார்கள். நாய் வைரவரின் வாகனம் என்பதால், தமிழ் வீடுகளில் அந்தக் காலத்தில் நாயையே அப்படிக் கூப்பிடுவோம். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே தமிழ் மறந்துபோன இந்தச் செட்டிகள் பேசுவது மலாய். மூன்றாவது வீட்டுத் தேவியம்மாளிடம் அர்த்தம் தெரியுமா என்று மலாயில் கேட்டேன். தெரியாது, அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு எந்த நாய் வந்தாலும் இதே பெயர்தான் என்றார். நாயின் காதைத் தடவிக்கொண்டே மேலும் சொன்னார்:

“இந்தப் பேரைச் சொல்லிட்டு யாராலயும் கல்லைத் தூக்க முடியாது.”

வேனில் இருந்தவர்

எங்கள் வேன் ஓட்டுநர் யூசோப் முஸ்லிம், நாயைத் தொடமாட்டார். நான் வேலை முடிக்கும்வரை வேனிலேயே இருப்பார். என்னை அண்ணன் என்ற பொருளில் ‘பாங்’ என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் ஒரு கறுப்பு நாய் என் பிடியிலிருந்து நழுவிச் சந்தில் ஓடியது. நான் மூச்சிரைக்கத் துரத்தினேன். யூசோப் கண்ணாடியை இறக்கி, “வைரவன், மாரி சினி” என்று, இங்கே வா என மலாயில் மெதுவாகக் கூப்பிட்டார். அது வந்து வேன் சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டது. நான் போய்ச் சேரும்வரை அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் ஆச்சரியமாகப் பார்த்தபோது சொன்னார்:

“நான் தொடுறதில்ல. பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே, பாங்.”

தையற்காரர் வீட்டு வாசல்

கேட்பாரற்ற நாய்களைச் சுட்டுவிடும்படி உத்தரவு வந்திருந்தது. கோயில் வாசலில் ஒரு செவலை நாய், ஊசி போட்டதற்கு அடையாளமாக நாங்கள் கட்டும் கழுத்துப்பட்டை இல்லாமல் கிடந்தது. சுடுகிறவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் சின்னையா, அது காலமான தன் மனைவியுடையது என்றார். அவளோடு தினமும் கோயிலுக்கு வருமாம். அவள் போனபிறகு வீட்டுக்குள் வருவதில்லையாம். உடையவர் கூப்பிட்டால் வரும் நாய்க்குத்தான் நான் ஊசி போட்டுப் பட்டை கட்ட முடியும். கூப்பிடுங்கள் என்றேன்.

அவர் வாசற்படியில் இறங்கி நின்றார். கோயில் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். “வைரவா, சாப்பிட வா.” நாய் தலையைத் தூக்கியது. எழுந்து நேராக வந்து அவர் காலில் முகத்தை வைத்தது. நான் ஊசி போட்டுப் பட்டையைக் கட்டும்போது அவர் தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

“இது அவ வச்ச பேரு, தம்பி. அவ போனப்புறம் எங்க வீட்டுல இதைச் சொல்ல ஆளில்லாமப் போச்சு.”

இத்தனை வருஷத்தில் ஒவ்வொரு நாயின் பெயரையும் மரியாதையாகக் கேட்டுத்தான் ஊசி போட்டேன். என்னைக் கடித்தவற்றில் ஒன்றுகூட என் பெயரைக் கேட்டதில்லை.