இஸ்திரி அக்கா பேசியதில் மிச்சம்

எங்கள் தெருவுக்கே அவள் இஸ்திரி அக்கா. சட்டையைத் தேய்த்துக்கொண்டே அந்தச் சட்டைக்காரரைப் போல நடித்துக் காட்டுவாள். வார்டு உறுப்பினராக அவள் கைகூப்பினால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

குடிநீரில் சாக்கடை கலந்து அவள் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தலையெழுத்து என்றார்கள் சிலர். தலையெழுத்தல்ல, உடைந்த குழாய்.

தேர்தல் நேரம் என்பதால் செய்தி சேனல்காரர்கள் மைக்கோடு வந்தார்கள். அக்கா கறுத்த தண்ணீரை வாளியோடு முன்னால் வைத்தாள். "போய்க் கேட்டா உறுப்பினர் என்ன சொல்றாரு தெரியுமா?" என்றவள், பழக்க தோஷத்தில் பல் தெரியச் சிரித்துக் கைகூப்பினாள். "தண்ணி கண்ணாடி மாதிரி வருது. ஒரு குறையும் இல்ல!"

அன்று மாலை அந்தச் சிரிப்பும் அந்த வசனமும் மட்டும் வெளிவந்தன. கேள்வி இல்லை, வாளியும் இல்லை. ஆளுங்கட்சிக்காரர்கள் அதை வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பரப்பினார்கள்.

"என்னக்கா, உறுப்பினர் வீட்டுத் துணியெல்லாம் இனி உனக்குத்தானாமே?" என்று குத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் அந்த நடிப்பைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

அக்கா சேனலுக்குப் போன் போட்டு, பேசியதை முழுசாகப் போடச் சொன்னாள். "முழுசா போட்டா யாரும்மா பாப்பாங்க? இனிமே நாங்க அத நீக்கினாலும் எல்லார் போன்லயும் இருக்கும்" என்றார்கள்.

ஒருத்தியின் பேச்சை உலகத்துக்கே கொண்டுபோகும் கருவியை விஞ்ஞானம் கொடுத்தது. கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

குடிநீர் அலுவலகத்தில் பொறியாளர் அதே வீடியோவைக் காட்டினார். "குறையே இல்லைன்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க?"

"அது நான் இல்ல சார், அவரு!"

"மூஞ்சி உங்களுதா இருக்கே."

வேறு வழி தெரியாமல், அங்கேயே முதலிலிருந்து நடித்துக் காட்டினாள். அலுவலகமே சிரித்தது. ஓர் எழுத்தர் அதையும் போனில் பிடித்தார். இரவுக்குள் அதற்குப் பாட்டுச் சேர்த்துவிட்டார்கள். குழாயைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு சேனல் வந்தது. இந்தத் தடவை அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "தண்ணியில சாக்கடை கலக்குது. என் பொண்ணு படுத்த படுக்கையா கெடக்கா. குழாயை மாத்துங்க."

மைக் பிடித்தவர் கேமராக்காரரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அது இல்லக்கா. அந்தக் கண்ணாடி வசனம்... அதச் சொல்லுங்க."