எலுமிச்சம்பழம் நசுங்காத பூஜை

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவே எங்கள் வீட்டு வாசலில் கூடி நின்றது. எங்கள் கேரவனுக்கு அன்று பூஜை.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் ஏசி போட்டு உட்காரும் பெரிய பஸ்ஸை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு குட்டி அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, பின்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல். சொந்தமாக எஞ்சின் கிடையாது. முன்பக்கம் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பை ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். அந்த இரும்புக்கு எங்கள் வீட்டில் 'மூக்கு' என்று பெயர். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், யாரோ வைத்திருந்து அலுத்துப்போன அந்த வண்டியை வாங்கி, தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே தாரை வார்த்திருந்தார்.

மூக்கை ஜீப்பில் மாட்டவும் கழற்றவும் அதை ஜாக்கி வைத்துத் தூக்கி இறக்க வேண்டும். கை ஜாக்கியைச் சுற்றிச் சுற்றி மனிதருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "ஊரைச் சுத்த வண்டி வாங்குனீங்களா, கைப்பிடியைச் சுத்த வாங்குனீங்களா?" என்று நான் கேட்டுவிட்டேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேட்டரியில் ஓடும் ஜாக்கி ஒன்றை வரவழைத்தார். பொத்தானை அழுத்தினால் மூக்கு தானாக ஏறும், இறங்கும்.

அதோடு விட்டாரா? எந்தப் பொருளையும் வந்தபடியே வைத்திருந்தால் அவருக்குக் கை அரிக்கும். புது ஜாக்கியின் அடியில் தட்டையான இரும்புப் பாதம் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, பழைய ஜாக்கியில் இருந்த சின்ன உருளைச் சக்கரத்தை வெல்டிங் வைத்தார். வண்டியைக் கையாலேயே தள்ளி வாசலில் நிறுத்திக்கொள்ளலாமாம். இரண்டு நாள் அந்தச் சக்கரத்தின் பெருமையைக் கேட்டே எனக்குக் காது புளித்துவிட்டது.

பூஜைக்காக விருதுநகரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். கேரவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சக்கரம் இருக்குல்ல, அப்ப இது வண்டி. எலுமிச்சம்பழம் வைக்கணும். அடுப்பும் கட்டிலும் இருக்குல்ல, அப்ப வீடும்தான். பால் காய்ச்சணும்." ஆக, ஒரே நல்ல நேரத்தில் இரண்டு பூஜை.

காலையிலேயே மூக்கை ஜீப்பில் மாட்டியாகிவிட்டது. மாட்டியிருந்தால் வண்டி எங்கே போகும்? அதனால் சக்கரங்களுக்கு எப்போதும் முட்டுக் கொடுத்து வைக்கும் கருங்கற்களை நகர்த்திவிட்டு, டயரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கோலமும் போட்டோம். கல்லை நகர்த்தியது நானா நாத்தனாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் தலா ஒரு எலுமிச்சம்பழம். ஜீப் இழுக்கும்போது நசுங்க வேண்டும்.

நான் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் ஏற்றினேன். வெளியே எதிர்வீட்டுக்காரர் குரல் கேட்டது. "சார், அந்தக் கரண்டு ஜாக்கியை ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

என் வீட்டுக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜீப் கொக்கியின் பூட்டை விடுவித்துப் பொத்தானை அழுத்தினார். ஜாக்கி மெல்ல முனகியது. தரை என் காலுக்கடியில் லேசாகச் சாய்ந்தது. வெளியே கைதட்டல்.

பால் கிழக்குப் பக்கம் பொங்க வேண்டுமே என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது பின்பக்கமாகச் சரிந்து வழிந்தது. நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு முருங்கை மரம் நகர்ந்து போகிறது. மரம் எப்படி நகரும் என்று ஒரு நொடி முட்டாள்தனமாக யோசித்தேன். பிறகுதான் புரிந்தது. நகர்வது மரமல்ல, நான்.

மூக்கு ஜீப்பை விட்டுக் கழன்றுவிட்டது. அடியில் வழுக்கிக்கொண்டு ஓட ஒரு சின்னச் சக்கரம். முட்டுக் கல் இருக்க வேண்டிய இடத்தில் கோலம். எங்கள் தெருவோ சரிவானது. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு நிற்காது என்று சொல்லித்தான் அந்த மனையை எங்களிடம் விற்றார்கள். தண்ணீர் ஓடும் வழியிலேயே நானும் ஓடிக்கொண்டிருந்தேன். சரிவின் முடிவில், தொழிற்பேட்டை லாரிகள் பறக்கும் மெயின் ரோடு.

"ஏ தம்பி, பிடிடா! உள்ள அவ இருக்காடா!" என்று நாத்தனார் அலறினார். என் வீட்டுக்காரர் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் இழுபட்டு வந்தார். கதவை நோக்கிப் போகப் பார்த்தேன், ஒரு குலுக்கலில் கட்டிலில் விழுந்தேன். அடுப்பு எரிகிறது. கட்டிலுக்கு அடியில் சிலிண்டர். எப்படியோ கையை நீட்டி அடுப்பைத் திருகிவிட்டு, பின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மெயின் ரோட்டிலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் திரும்பியது. ஓட்டியவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் முகம், அந்தப் பக்கம் அவர் முகம். சுவரோரம் ஒதுங்கிக்கொள்ள அவருக்கு இடம் தாராளமாக இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. ஹேண்டிலை ஒடித்து ஆட்டோவைத் தெருவின் குறுக்கே நிறுத்தினார், குதித்தார்.

இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஜன்னலில் மோதி விழுந்தேன். கேன்கள் சிதறி உருண்டு ரோட்டுக்கே போய்விட்டன. கேரவன் நின்றுவிட்டது.

கதவைத் திறந்தவர் அவர்தான். அவருடைய ஆட்டோ பின்னால் அப்பளமாகக் கிடக்கிறது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார். "அடுப்ப அணைச்சியாக்கா? தீஞ்ச வாசன வருது பாரு."

நான் தலையாட்டினேன். அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த முன்பின் தெரியாத மனிதருக்கு முன்னால் ஓவென்று அழுதேன். உள்ளங்கை உரிந்து ரத்தம் வழிய என் வீட்டுக்காரர் வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணே? உன் பிழைப்பே அந்த வண்டிதானே?" என்று நாத்தனார்தான் கேட்டார்.

"இன்னாம்மா பண்ண சொல்ற? நான் ஒதுங்கிகினா அக்கா நேரா ரோட்ல போய் நிக்கும். வண்டிய தட்டி எட்த்துக்கலாம். விடு, குடிக்க எதுனா குடு."

வாசலுக்கு வந்தேன். கோலம் கலையாமல் இருந்தது. வண்டி பின்னால் ஓடியதால், முன்னால் வைத்த இரண்டு எலுமிச்சம்பழமும் குங்குமப் பொட்டோடு அப்படியே கிடந்தன. எடுத்துக் கழுவி, உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிழிந்தேன். "திருஷ்டிக்கு வச்சதை மனுசருக்குக் கொடுக்கலாமா?" என்று நாத்தனார் தயங்கினார். "சாமிக்கு வச்சதுதானே அண்ணி? இவருக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கறது?" என்றேன். நாத்தனார் தன் கையாலேயே டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

ஆட்டோவை என் வீட்டுக்காரரே தன் நண்பர்களோடு சேர்ந்து தட்டி நிமிர்த்தினார். அது முடியும்வரை எங்கள் ஜீப்தான் கொரட்டூர் வரைக்கும் தண்ணீர் கேன் சுமந்தது. கைக்கட்டோடு இவர் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா சார், இப்டி உருட்ற? ஜனம் தாகத்துல கீது" என்று விரட்டுவாராம். ஜாக்கியின் உருளைச் சக்கரம் கழன்று, தட்டைப் பாதமே திரும்பி வந்துவிட்டது. கருங்கற்களை இப்போது எந்தப் பூஜைக்கும் யாரும் தொடுவதில்லை.

கேரவனில் நாங்கள் ஊர் சுற்றத்தான் செய்கிறோம். எங்கே நிறுத்தினாலும் அந்தப் பின் ஜன்னல் அருகே போனால் ஒருமுறை நின்று வெளியே பார்ப்பேன். நான் யாரென்றே தெரியாத ஒருவர், கண்ணாடியில் என் முகம் தெரிந்த ஒரே காரணத்துக்காகத் தன் பிழைப்பைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். இந்த முகத்தை வைத்துக்கொண்டு, தெருவில் தவிக்கும் யாரையும் பார்க்காதது போல் ஒதுங்கிப் போக இப்போதெல்லாம் எனக்கு முடிவதில்லை.