பதினேழாம் எண் பனியன்

ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று மூக்கு சொன்னால், அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம்? மோப்பக்காரியின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வேலையால் வந்தது. பாடி ஸ்ப்ரே கம்பெனியின் சோதனை அறையில், ஆண்கள் ஒரு நாள் முழுக்கப் போட்டிருந்த பனியன்களை எண் ஒட்டிய ஜாடிகளில் அடைத்து வைப்பார்கள். அவள் மூடியைத் திறந்து முகர்ந்து, நாற்றத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். ஸ்ப்ரே அடித்தவன் யார், அடிக்காதவன் யார் என்று சொல்ல மாட்டார்கள். பதினோரு வருடத்தில் அவள் கணக்கு தப்பியதில்லை. பெண் பார்க்க வந்த நாலு பேரையும் அதே மூக்குதான் திருப்பி அனுப்பியது. ஒருவர் ஈரச் சாக்கு, ஒருவர் பழைய அலமாரி.

“இவ மூக்குக்கு ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும்” என்று அக்கா கைகழுவி விட்டாள்.

அப்படிப்பட்டவள் பதினேழாம் எண்ணுக்குத் தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யம் போட்டாள்.

“உனக்கு ஜலதோஷமாம்மா?” என்றார் மேற்பார்வையாளர். “அந்தாளு எதையுமே பூசறதில்ல. மத்தவங்க எட்டு, ஒம்பதுன்னு போட்டிருக்காங்க.”

“நல்லாத்தானே மேடம் இருக்கு?”

அறையே சிரித்தது. மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் கணக்கு தப்பினால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றம் என்றார். ஒருவேளை இது ஈர்ப்போ என்று கேட்டதற்கு, மிருகங்களுக்கு இணையை இழுக்கும் வாசனை உண்டு, மனிதருக்கு உண்டா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை என்று கம்பெனி டாக்டர் நழுவிக்கொண்டார்.

பக்கத்து மேஜைக்காரி துப்புத் துலக்கினாள். ஆள் கம்பெனி வேன் டிரைவர். மறுநாளே அவனைக் கேண்டீனில் கொண்டுவந்து உட்கார்த்தினாள். அரை பாட்டில் சென்ட்டைத் தலைவழியாகக் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தான்.

“என்னங்க, பூக்கடையில விழுந்து எந்திரிச்சீங்களா?”

“உங்க மூக்கைப் பத்திக் கேள்விப்பட்டேன். பயந்துட்டேன்.”

“நாளைக்கு ஒண்ணும் பூசாம வாங்க.”

“நாறுமேங்க!”

“அத நான் பாத்துக்கறேன்.”

பூசாமல் வந்தான். தினமும் வந்தான். கியர் பெட்டியைப் பற்றியே பேசினான், தன் ஜோக்குக்குத் தானே உரக்கச் சிரித்தான். அவள் டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.

“ஆளு பாக்க எப்படிடி?” என்றாள் அக்கா.

“சரியாப் பாக்கலக்கா.”

சோதனை நாள் வந்தது. பதினேழாம் ஜாடியை அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தாள். மேற்பார்வையாளர் தோளருகே நின்றார். அவள் மூடியைத் திருகிவிட்டு, ‘எட்டு’ என்று எழுதினாள்.

வேலை பிழைத்தது. அடுத்த மாதம் அவனையே கட்டிக்கொண்டாள்.

வேலைக்காகப் பொய் எழுதினாளா, அன்றைக்கு நிஜமாகவே நாறியதா? அக்கா கேட்டாள், பக்கத்து மேஜைக்காரி கேட்டாள், கட்டியவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.