கேட்கக் கூடாத தமிழ்

லாலாகுடா தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள அறையில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு ரயிலேறத்தான் நினைத்தேன். ஸ்டெல்லா டீச்சர் விடுவதாக இல்லை. இன்று பிள்ளைகள் தமிழில் வாய் திறக்காவிட்டால், அடுத்த வாரம் முதல் இந்த அறையில் கம்ப்யூட்டர் வகுப்பாம். அதை முடிவு செய்யும் கமிட்டிக்காரர் கடைசி பெஞ்சில் கொட்டாவி விடுகிறார்.

டீச்சர் குரங்குப் படத்தைக் காட்டுகிறார். "கோதி!" என்று பிள்ளைகள் தெலுங்கில் கத்துகிறார்கள்.

"தமிழ்ல சொல்லுங்கடா."

"நக்கோ டீச்சர்!" வேண்டாமாம்.

டீச்சர் புத்தகத்தை மூடுகிறார். "சரி, படம் வரைங்க. பெரியவங்க பேசுறோம், யாரும் கேக்கக் கூடாது." பிறகு என் பக்கம் குனிந்து, அறை முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் சொல்கிறார்: "நீங்க பொண்ணு பாக்க வந்த விஷயம் இதுங்களுக்குத் தெரிய வேணாம்."

பென்சில்கள் நின்றுவிடுகின்றன.

"அங்கிள், பொண்ணு எந்த வீடு?" என்று முன்வரிசைச் சிறுமி தமிழில் கேட்கிறாள்.

"அங்கிளுக்கு முடி நரைச்சிருச்சே! பொண்ணு ஒத்துக்கிச்சா?" என்கிறான் பக்கத்துப் பையன்.

மறுக்க வாயெடுக்கிறேன். டீச்சர் முறைக்கிறார்.

"பொண்ணு பேரு என்ன அங்கிள்?"

வேறு எந்தப் பெயரும் வாயில் வரவில்லை. ஊரில் எனக்காகக் காத்திருக்கும் மனைவியின் பெயரையே சொல்லிவிடுகிறேன்.

கமிட்டிக்காரர் கம்ப்யூட்டரை மறந்து பெஞ்சை முன்னால் இழுத்துப் போடுகிறார். "செல்வராணியா? நம்ம லாலாகுடாவுல அப்படி ஒரு பொண்ணு, எனக்குத் தெரியாமலா?"